2022 மே மாதம் சிங்கப்பூருக்குப் போனவர்களுக்கு: கோவிட் ஊசிச் சான்றிதழ் முதல் திரும்பும் விமானம் வரை (மே 2022 நிலவரம்)

கோவிட் தொற்றால் மூடியிருந்த சிங்கப்பூர் திறந்துவிட்டது என்பது 2022 மே மாதத்தில் முக்கால் உண்மை. இந்த வழிகாட்டி சொல்லும் கோவிட் விதிகள் எல்லாம் அப்போதைய நிலவரம்; அவை இப்போது நடைமுறையில் இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் தடுப்பூசி போட்டவர்களுக்கான தனி விமானங்கள், தினசரி ஒதுக்கீடு எல்லாம் போய்விட்டன. ஏப்ரல் 26 முதல் கிளம்பும் முன் எடுக்க வேண்டிய கோவிட் பரிசோதனையும் போய்விட்டது. இறங்கியதும் தனிமை இல்லை, கூட்டமாகச் சாப்பிட 10 பேர் வரம்பு இல்லை, ஒரு மீட்டர் இடைவெளி இல்லை. மீதிக் கால் பங்கில்தான் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். சிங்கப்பூரில் கதவுக்குக் கதவு நடந்த சோதனை மீனம்பாக்கத்திலும் திருச்சியிலும் போர்டிங் பாஸ் தரும் கவுன்ட்டருக்கு இடம் மாறியிருந்தது. பயணம் கெட்டுப்போனால் பெரும்பாலும் அங்கேதான் கெட்டுப்போனது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது.

1. டிக்கெட்டுக்கு முன்: வீட்டில் யார் யாருக்கு என்ன ஊசி?

அன்றைய சிங்கப்பூர் கணக்கில் 'முழுத் தடுப்பூசி' என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள ஊசி. கோவிஷீல்டும் கோவாக்சினும் அதில் உண்டு. இரண்டாம் ஊசி போட்டு 14 நாள் முடிந்திருக்க வேண்டியிருந்தது. நுழைவதற்கு பூஸ்டர் கேட்கவில்லை. ஸ்புட்னிக் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையில் தனியார் மருத்துவமனைகளில் காசு கொடுத்து அதைப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. சிங்கப்பூர் கணக்கில் அவர்கள் ஊசி போடாதவர்களே.

அடுத்தது பிள்ளைகள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்பியவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டிய பத்தி இது. 2022 இல் 12 வயதோ அதற்குக் குறைவோ ஆன பிள்ளைகளுக்கு, அதாவது 2010 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, ஊசி தேவைப்படவில்லை. 13 ஆனவர்களிலிருந்து மேலே எல்லோருக்கும் வேண்டியிருந்தது. நம் ஊரில் 15 முதல் 18 வயது வரை கோவாக்சின் போட்டார்கள்; அதில் சிக்கல் இல்லை. ஆனால் 2022 மார்ச் 16 முதல் 12–14 வயதினருக்குப் போட்டது கோர்பிவேக்ஸ். அது அப்போது உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் இல்லை. ஆகவே 2008, 2009 இல் பிறந்து, பள்ளியில் வரிசையில் நின்று ஒழுங்காக இரண்டு ஊசியும் போட்டுக்கொண்ட பிள்ளை, அன்றைய சிங்கப்பூர் விதிப்படி ஊசி போடாத பிள்ளை. முழு ஊசி போடாத, 13 வயதும் அதற்கு மேலும் ஆன சுற்றுலாப் பயணிகளைப் பொதுவாக உள்ளே விடவில்லை. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இருந்த வீட்டில் டிக்கெட் போடும் முன் பிறந்த ஆண்டைப் பார்க்க வேண்டியிருந்தது. இதற்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை.

2. சான்றிதழில் இருக்கும் பெயரும் இனிஷியலும்

கோவின் சான்றிதழ் ஆதாரில் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும். பாஸ்போர்ட் வேறு கதை. ஆதாரில் 'செந்தில்குமார் ப' என்று இருப்பவர் பாஸ்போர்ட்டில் பெயர் 'செந்தில்குமார்', குடும்பப் பெயர் 'பழனிசாமி' என்று இருப்பார். இருவரும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்குத் தெரியாது. வடநாட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. இனிஷியலோடு வாழும் தமிழருக்குத்தான் அதிகம்.

அப்போது செய்ய வேண்டியிருந்தது, இதே வரிசையில்:

1. கோவின் தளத்தில் ஊசி போட்ட அதே செல்பேசி எண்ணால் உள்ளே போங்கள்.
2. 'ரைஸ் அன் இஷ்யூ' பகுதியில் முதலில் பெயரைத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இனிஷியலை விரித்து எழுதுங்கள். இந்தத் திருத்தத்துக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் எழுத்துக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.
3. திருத்தம் ஏறியபின் அதே இடத்தில் பாஸ்போர்ட் எண்ணைச் சேருங்கள். வரிசையை மாற்றினால் பழைய பெயரோடு எண் ஒட்டிக்கொள்ளும்.
4. கடைசியாக, சாதாரணச் சான்றிதழை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பயணத்துக்கான சான்றிதழைத் தரவிறக்குங்கள். சாதாரணச் சான்றிதழில் வயது மட்டும் இருக்கும்; இதில் பிறந்த தேதி முழுமையாக இருக்கும்.

இதையெல்லாம் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே முடிக்க வேண்டியிருந்தது. தரவிறக்கிய கோப்பை அப்படியே வைத்திருங்கள். அச்சடித்து, அதைச் செல்பேசியில் படம் பிடித்து, அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து எடுத்துப் பதிவேற்றினால் க்யூஆர் கட்டங்கள் மங்கிப்போகும். 'படிக்க முடியவில்லை' என்று வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

3. விசாவும் வருகை அட்டையும்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி. (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள். 2022 மே மாதம் ஒரு வெள்ளி சுமார் 56 ரூபாய்.) முகவர் தன் கூலியைத் தனியாகச் சேர்ப்பார். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி.

அடுத்து எஸ்ஜி அரைவல் கார்டு என்னும் வருகை அட்டை. இதில்தான் உடல்நல உறுதிமொழி ஏற வேண்டும்; 2022 மே மாதம் ஊசிச் சான்றிதழும் ஏற வேண்டியிருந்தது. போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதற்கு முன் திறக்காது. முற்றிலும் இலவசம். தேடுபொறியில் இதன் பெயரைத் தட்டினால் அரசு இலச்சினை போலவே ஒன்றைப் போட்டுக் காசு கேட்கும் தளங்களும் வரும். கடன் அட்டை எண் கேட்டாலே மூடிவிடுங்கள். குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் தளமோ அதன் செயலியோ மட்டும்தான் சரி.

அடிக்கடி நடக்கும் தவறு தேதியில். சென்னையிலிருந்து இரவு 11 மணிக்கு மேல் கிளம்பும் விமானம் மறுநாள் காலைதான் இறங்கும். அங்கே கடிகாரமும் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஜூன் 4 இரவு ஏறினால் வருகைத் தேதி ஜூன் 5. டிக்கெட்டின் மேலே பெரிதாக அச்சான தேதியைப் பார்த்து எழுதிவிட்டு, கவுன்ட்டரில் நின்றபடி செல்பேசியில் மறுபடி நிரப்பும் குடும்பங்களாகிவிடாதீர்கள். நிரப்பியதும் மின்னஞ்சல் வரும். அதை அச்சடித்து, விசாத் தாள், ஓட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட்டோடு ஒரே உறையில் வையுங்கள். கைபேசியில் இருக்கிறதே என்று விடாதீர்கள். கவுன்ட்டரில் சார்ஜ் தீர்ந்து நிற்பது நல்ல காட்சி அல்ல.

மலேசியாவோடு இணைக்கும் ஜோகூர் பாலம் 2022 ஏப்ரல் 1 அன்று திறந்துவிட்டதால் ஒரு நாள் மலேசியா போய் வரலாம் என்று தோன்றியது. அதற்கு அப்போது தனி மலேசிய விசா வேண்டியிருந்தது; சிங்கப்பூருக்குத் திரும்பி நுழைய பல முறை நுழையும் விசா வேண்டும், வருகை அட்டையும் புதிதாக நிரப்ப வேண்டும். ஐந்து நாள் பயணத்தில் அந்த ஆசை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

4. பணம், அட்டை, மருந்து, காப்பீடு

சுற்றுலாப் பயணிக்குக் கோவிட் வந்தால் மருத்துவச் செலவு முழுக்க அவரே கட்ட வேண்டும். முன்பு கட்டாயமாக இருந்த காப்பீட்டின் குறைந்த அளவு 30,000 வெள்ளி. இப்போதும் அந்த அளவுக்குக் குறையாமல் எடுங்கள். பாலிசித் தாளில் கோவிட் சிகிச்சை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, தனிமையில் கூடுதலாகத் தங்கும் ஓட்டல் வாடகை சேர்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது பெரும்பாலும் சேராது. அதற்கு மூன்று நாள் வாடகையை அப்போது தனியாக ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது.

வங்கி அட்டையைத் தட்டியே ரயிலிலும் பேருந்திலும் போகலாம். ஆனால் ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புது அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிச் செலுத்தும் வசதியும் மூடியே வரும். வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். வெளிநாட்டு அட்டைக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு (0.60 வெள்ளி) கூடுதலாகப் பிடிப்பார்கள். நான்கு பேர் ஐந்து நாள் தங்கினால் அது 12 வெள்ளி. அதோடு வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம். ஐந்து நாளுக்கு மேல் என்றால் ஈசி-லிங்க் என்னும் உள்ளூர்ப் பயண அட்டை வாங்கலாம். அட்டை விலை 5 வெள்ளி திரும்பி வராது. ஆனாலும் அடுத்த முறைக்கு உதவும். ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும்.

இருமல் மருந்தும் தூக்க மாத்திரையும் கவனம். கோடீன் கலந்த மருந்துக்கும் சிலவகைத் தூக்க, மனநல மாத்திரைகளுக்கும் முன்அனுமதி வேண்டும். சாதாரண சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை என்றால் மருத்துவரின் சீட்டோடு அசல் அட்டையிலேயே எடுத்துப் போங்கள். டப்பாவில் கொட்டிக் கலக்காதீர்கள். மின் சிகரெட் வைத்திருப்பதே குற்றம்.

5. சாங்கியில் இறங்கியதும்

இந்தியாவிலிருந்து வரும் விமானங்கள் 2022 மே மாதம் முனையம் 1 அல்லது 3 இல் நின்றன. 2020 மே மாதம் மூடிய முனையம் 2, 2022 மே 29 முதல் படிப்படியாகத் திறந்தது. ஊசிச் சான்றிதழ் ஏற்கெனவே ஏறியிருந்தால் குடிநுழைவு அப்போது இரண்டு நிமிட வேலையாக இருந்தது.

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் தங்குகிறவர்களுக்கு நேர்வழி ஒன்று உண்டு. பலரும் டானா மேராவில் மாறி, நகர மத்தியில் இன்னொரு முறை மாறிப் போகிறார்கள். தேவையில்லை. சாங்கி நிலையத்திலிருந்து அடுத்த நிறுத்தமே எக்ஸ்போ. அங்கே இறங்கி நீல நிற டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. பெட்டிகளோடு ஒரே ஒரு மாற்றம். கட்டணம் இரண்டு வெள்ளியை ஒட்டித்தான். டாக்சி என்றால் 2022 இல் 25 வெள்ளிக்கு முன்னே பின்னே. நள்ளிரவு முதல் காலை 6 வரை மீட்டரில் 50 சதவீதம் ஏறும். விடியற்காலையில் இறங்குகிறவர்கள் ஒரு காப்பி குடித்துவிட்டு முதல் ரயிலைப் பிடித்தால் இரவுச் சாப்பாட்டுக் காசு மிச்சம்.

6. முகக்கவசம்: எங்கே மாட்ட, எங்கே கழற்ற

2022 மார்ச் 29 முதல் வெளியிடத்தில் விருப்பம், உள்ளிடத்தில் கட்டாயம் என்று இருந்தது. ஆறு வயதிலிருந்து எல்லோருக்கும். முதல் முறை பிடிபட்டால் 300 வெள்ளி அபராதம், அன்றைய நம் கணக்கில் 16,800 ரூபாய். குழப்பம் 'உள்', 'வெளி' என்பதில்தான் இருந்தது. அன்றைய விதிப்படி, கூரை இருக்கிறதா என்பது அளவுகோல் அல்ல. அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளம், பேருந்து நிறுத்தம், கூரை போட்ட நடைபாதை எல்லாம் வெளியிடம். நாலு பக்கமும் காற்றோடும் உணவங்காடி நிலையமும் கோப்பிக் கடையும் உள்ளிடம். ரயில், பேருந்து, டாக்சி, கடைத்தொகுதி எல்லாம் உள்ளிடம். கார்டன்ஸ் பை த பே பூங்காவில் இரண்டு கண்ணாடிக் கூடங்களும் உள். ஒளிமரங்கள் (சூப்பர்ட்ரீ என்னும் மர வடிவக் கோபுரங்கள்) நிற்கும் தோப்பு வெளி.

முகக்கவச எண்ணிக்கையைக் குறைத்து எடுத்துப் போனால் அப்போது போதவில்லை. அங்கே வெக்கை 30 டிகிரிக்கு மேல், அதற்கு மேல் புழுக்கம். காலையில் மாட்டிய அறுவை சிகிச்சை வகை முகக்கவசம் மதியத்துக்குள் மூக்கோரம் ஈரமாகித் தோலோடு ஒட்டும். ஈரமானபின் மூச்சு விடவும் கடினம், வடிகட்டுவதும் குறையும். ஆளுக்கு நாளுக்கு மூன்று என்று கணக்கிட வேண்டியிருந்தது. இரண்டைச் சிறு ஜிப் பையில் சட்டைப் பையிலேயே வையுங்கள். துணி முகக்கவசம் இந்தப் புழுக்கத்தில் ராத்திரிக்குள் காயாது.

7. சாப்பாடு

2022 ஏப்ரல் 26 முதல் உணவகங்களில் வாசல் சோதனை இல்லாமல் போனது. அதனால் ஊசி விதி போய்விட்டது என்று பொருளல்ல. உட்கார்ந்து சாப்பிடுகிறவர் முழு ஊசி போட்டவராக இருக்க வேண்டும் என்ற விதி உணவகம், கோப்பிக் கடை, உணவங்காடி எல்லாவற்றுக்கும் அந்த மே மாதத்திலும் இருந்தது. இடையிடையே அதிகாரிகள் வந்து கேட்டார்கள். சான்றிதழின் ஒரு நகலைப் பணப்பையில் மடித்து வைத்திருந்தால் போதுமாக இருந்தது. கோவிட் தொடர்புகளைத் தடமறியும் டிரேஸ்டுகெதர் செயலியை அப்போது பெரும்பாலான இடங்களில் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் 500 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கும் ஆட்டம் போடும் இரவு விடுதிக்கும் போனவர்களுக்கு மட்டும் அது தேவைப்பட்டது.

தட்டு விஷயம் நம்மவர்களுக்குப் புதிது. உணவங்காடியில் சாப்பிட்டு முடித்ததும் தட்டு, குவளை, எலும்பு, கசங்கிய காகிதம் எல்லாவற்றையும் நீங்களே எடுத்துப்போய்த் தட்டு வைக்கும் அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் இது சட்டம். முதல் முறை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி. அடுக்கில் ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி இடம் இருக்கும். பலகையைப் பார்த்து வையுங்கள். காலியான மேசையில் ஒரு சிறிய டிஷ்யூ பொட்டலம் மட்டும் கிடந்தால் அது யாரோ விட்டுப் போனது அல்ல, துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். உட்காராதீர்கள்.

8. பார்க்கும் இடங்கள்

2022 இல் ஜூன் 26 வரை அங்கும் பள்ளி விடுமுறை. கூட்டம் உள்ளூரிலேயே நிறைய. விலங்குக் காட்சி சாலை, ரிவர் வொண்டர்ஸ், நைட் சஃபாரி, கண்ணாடிக் கூடங்கள் எல்லாவற்றுக்கும் தேதியும் நேரமும் குறித்து முன்பே எடுங்கள். போய் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கம் இப்போது ஒரு மதியத்தைத் தின்றுவிடும். ஒளிமரங்களின் இசைக் காட்சி மாலை 7.45க்கும் 8.45க்கும்; காசு கிடையாது. முஸ்தபா சென்டர் பெருந்தொற்றுக்கு முன்போல 24 மணி நேரமும் திறந்திருப்பதில்லை. கடைசி இரவு விடிய விடிய அங்கே வாங்கிவிட்டு நேரே விமான நிலையம் போகும் பழைய திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் 2022 இல் குடமுழுக்குக்கான திருப்பணி நடந்தது. அதனால் கோபுரத்தைப் படம் எடுக்கவே போனவர்கள் அப்போது சிராங்கூன் சாலையின் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது.

9. நடுவில் தொண்டை கரகரத்தால்

ஏஆர்டி என்னும் சுயபரிசோதனைப் பெட்டி எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு வாங்கி முதல் நாளே அறையில் வையுங்கள். செய்யும்போது: மூக்கைச் சிந்துங்கள். கையைக் கழுவித் துடையுங்கள். குச்சியை ஒரு மூக்கில் சுமார் 2 சென்டிமீட்டர் விட்டு, சுவரைத் தேய்த்தபடி ஐந்து சுற்று; அதே குச்சியால் அடுத்த மூக்கிலும். திரவக் குப்பியில் கலக்கி, குச்சியின் பஞ்சைப் பக்கவாட்டில் பிழிந்து எடுங்கள். பெட்டியில் சொன்ன எண்ணிக்கையில் சொட்டு விடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். அரை மணி கழித்துத் தோன்றும் கோட்டுக்கு மதிப்பில்லை. குறித்த நேரத்தில் 'டி' பக்கத்தில் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். 'சி' கோடே வராவிட்டால் பரிசோதனை செல்லாது; வேறு பெட்டி எடுங்கள்.

2022 மே மாதம், பாசிட்டிவ், ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றால் 72 மணி நேரம் அறைக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. அதன்பின் எடுத்த பரிசோதனை நெகட்டிவ் என்றால் வெளியே வர முடிந்தது. இல்லாவிட்டால் தினம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஊசி போட்டவருக்கு அதிகபட்சம் ஏழு நாள். காய்ச்சல், இருமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் 995 என்னும் ஆம்புலன்ஸ் எண். ஓட்டலுக்குச் சொல்லிவிடுங்கள், மறைத்தால் சிக்கல் பெரிதாகும். தேதி மாற்றக் கட்டணம் இல்லாத டிக்கெட்டுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது இந்த நேரத்தில்தான் உதவும்.

10. திரும்புவது: பிள்ளைகளுக்கு அப்போது இருந்த பரிசோதனை

இந்தியாவுக்குள் நுழைய ஏர் சுவிதா என்னும் இணையப் படிவம் 2022 மே மாதம் கட்டாயமாக இருந்தது. பாஸ்போர்ட் படம், விமான எண், இருக்கை எண், கடந்த 14 நாள் எங்கே இருந்தீர்கள் என்ற விவரம் வேண்டியிருந்தது. பெரியவர்கள் ஊசிச் சான்றிதழை ஏற்றினால் போதுமாக இருந்தது. பரிசோதனையிலிருந்து விலக்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே இருந்தது. அதாவது ஊசியே போடாத ஆறு, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் சிங்கப்பூருக்குள் சும்மா நுழைய முடிந்தது. தம் சொந்த ஊருக்குத் திரும்ப 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் வேண்டியிருந்தது. ஏஆர்டி முடிவை ஏற்கவில்லை.

சிங்கப்பூரில் ஒரு பிள்ளைக்கு 100 வெள்ளியை ஒட்டிச் செலவானது. கணக்கை மாதிரி கொடுத்த நேரத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தது, முடிவு வந்த நேரத்திலிருந்து அல்ல. ஞாயிறு இரவு 9 மணி விமானம் என்றால் வியாழன் இரவு 9க்கு முன் கொடுத்த மாதிரி செல்லாது. வெள்ளிக்கிழமை காலை முதல் வேளையில் கொடுக்க வேண்டியிருந்தது. முடிவு வர ஒரு நாளுக்கு மேல் ஆனாலும் சனி இரவுக்குள் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமைக்குத் தள்ளினால் ஞாயிறு மாலை சாங்கிக் கவுன்ட்டரில் மின்னஞ்சலைப் புதுப்பித்துக்கொண்டே நிற்க நேரும். முன்பதிவை இந்தியாவிலிருந்தே செய்ய வேண்டியிருந்தது. அறிக்கையில் பிள்ளையின் பாஸ்போர்ட் எண்ணும் மாதிரி எடுத்த நேரமும் அச்சாக வேண்டும் என்று பதிவின்போதே சொல்லிவிட வேண்டியிருந்தது.

சென்னையில் இறங்கியதும் நூறு பேரில் இரண்டு பேரைப் பொறுக்கி மாதிரி எடுத்தார்கள். கூப்பிடப்பட்டவர்கள் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தது. முடிவு வரும்வரை அங்கே உட்கார வேண்டியிருக்கவில்லை.